வெள்ளி இலைகள்: எது மாசிபத்திரி, எது அழகுச் செடி?

போன தை மாதம் எதிர்வீட்டு அக்கா எங்கள் மாடிக்கு வந்தார். கையில் ஒரு சின்னக் கிண்ணம். "தம்பி, உங்க மாசிபத்திரி நல்லா தழைச்சிருக்கே, நாலு இலை கிள்ளிக்கட்டுமா? வயித்து வலிக்குக் கஷாயம் வைக்கணும்" என்றார். அவர் கை நீட்டிய தொட்டியில் மாசிபத்திரி இல்லை. நர்சரிகளில் 'டஸ்டி மில்லர்' என்று விற்கும் குளிர்காலத்து அழகுச் செடிதான் இருந்தது. வெள்ளை வெல்வெட்டைக் கத்தரித்து ஒட்டியது போன்ற இலை. "அக்கா, இது வாயில வைக்கக் கூடாத செடி" என்றேன். அவர் நம்பவில்லை. "இதே இலையைத்தானே வீடியோவில காட்டினாங்க" என்று கைபேசியை நீட்டினார். பார்த்தேன். பேசியவர் மாசிபத்திரியின் குணங்களைத்தான் வரிசையாகச் சொன்னார். ஆனால் கையில் பிடித்திருந்தது டஸ்டி மில்லர்.

அக்காவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் செடியை நான் வாங்கியபோது விற்றவரே "மாசிபத்திரி ஜாதிதான் சார், வாசம்தான் வராது" என்று சொல்லித்தான் கொடுத்தார். வெள்ளையாக இருக்கிற இலை எல்லாம் ஒரே இனம் என்ற எண்ணம் நம்மிடம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. மாசிபத்திரி, மரிக்கொழுந்து, பேய்மிரட்டி, சேஜ், லாவெண்டர், டஸ்டி மில்லர், சாலை நடுவில் வைக்கிற சாம்பல் நிறப் புதர் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுகிறோம். இவற்றில் சில சமையலுக்கு ஆகும், சில மாலைக்கு ஆகும், சில கல்லீரலைக் கெடுக்கும். ஆகவே இலை ஏன் வெள்ளையாகிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன். அது புரிந்துவிட்டால் நிறத்தை நம்பி ஒரு செடியை அடையாளம் காண முடியாது என்பது தானே விளங்கிவிடும்.

நுரை ஏன் வெள்ளை?

சோப்புத் தண்ணீர் ஏறக்குறைய நிறமற்றது. அதையே அடித்து நுரையாக்கினால் வெள்ளை. கற்கண்டு கண்ணாடி போல இருக்கும், பொடித்தால் வெள்ளை. கல் உப்பும் அப்படித்தான். வெள்ளைச் சாயம் எதையும் நாம் சேர்க்கவில்லை. காற்றும் பொருளும் சந்திக்கும் எல்லைகளைத்தான் கூட்டியிருக்கிறோம். அப்படி ஒவ்வொரு எல்லையிலும் ஒளி கொஞ்சம் வளைகிறது, கொஞ்சம் திரும்புகிறது. ஆயிரக்கணக்கான எல்லைகள் நெருக்கமாக இருந்தால், உள்ளே போன ஒளி எல்லாத் திசையிலும் சிதறி, எல்லா நிறமும் கலந்தபடியே திரும்பி வரும். நம் கண்ணுக்கு அதுதான் வெள்ளை.

வெள்ளி இலையிலும் இதுவேதான் நடக்கிறது. அந்த இலைக்குள் இருக்கும் பச்சையம் மற்ற இலைகளில் இருப்பதேதான். இலையின் மேல்தோலிலிருந்து மெல்லிய இழைகள் முளைத்து, பச்சையின் மேல் ஒரு போர்வை போலப் படர்ந்திருக்கின்றன. இந்த இழைகளுக்குத் தாவரவியலில் தூவிகள் என்று பெயர். பல செடிகளில் இந்தத் தூவிகள் முற்றியதும் உயிர் இழந்து, உள்ளே காற்று நிறைந்த வெறும் குழல்களாகிவிடுகின்றன. காற்றடைத்த குழல்கள் பின்னிக் கிடந்தால் பஞ்சுதான். பஞ்சு வெள்ளையாகத்தானே இருக்கும்?

நகைக்கடையில் கல் பார்க்கிற பத்து மடங்கு லென்ஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை வைத்து டஸ்டி மில்லர் இலையைப் பார்த்தால், வெறும் கண்ணுக்கு வழவழவென்று தெரிந்த பரப்பு சிலந்திக் கூடு போலத் தெரியும். இழை மேல் இழையாகத் தாறுமாறாகப் படுத்திருக்கும். விரல் நகத்தால் மெல்லச் சுரண்டினால் அந்த வலை திரிந்து ஒரு சின்ன உருண்டையாகச் சுருண்டு வந்துவிடும். அடியில் பச்சை.

லென்ஸ் இல்லாதவர்கள் ஒரு சொட்டுத் தண்ணீரில் துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து இலை மேல் தேய்த்துப் பாருங்கள். வெறும் தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு நிற்கும். தூவிகளுக்கு இடையே உள்ள காற்று அதை உள்ளே விடாது. சோப்பு கலந்த நீர் உள்ளே இறங்கிவிடும். இறங்கிய இடம் மட்டும் திடீரென்று பச்சையாகும். வெள்ளை வேட்டி நனைந்தால் அடியில் இருப்பது தெரிகிறதே, அதே கணக்கு. காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பியதும் ஒளியைச் சிதறடித்த எல்லைகள் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. காய்ந்தால் மறுபடி வெள்ளை. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் செய்துகாட்டினால் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

தூவி மட்டும்தானா?

இல்லை. ஒரு இலை வெளிறித் தெரிவதற்கு இன்னும் இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று மெழுகுப் பூச்சு. பன்னீர் திராட்சையின் மேல் சாம்பல் பூத்தாற்போல ஒரு படலம் இருக்குமே, விரலால் தேய்த்தால் போய்விடும், அதுதான் இது. முட்டைக்கோஸின் வெளி இலையில் பார்க்கலாம். ஊட்டி போகும் வழியில் யூகலிப்டஸ் கன்றுகளைப் பாருங்கள். இளம் இலைகள் நீலச் சாம்பல் நிறத்தில், தண்டோடு ஒட்டி, எதிரெதிரே இருக்கும். வளர்ந்த மரத்தின் இலையோ அரிவாள் போல நீண்டு, வெறும் பச்சையாகத் தொங்கும். ஒரே மரம் வயதுக்கு ஏற்ப இரண்டு நிறம் காட்டுகிறது. நம் ஊர் எருக்கிலையைத் தொட்டால் விரலில் ஒட்டும் வெண்தூளும் எல்லோருக்கும் தெரிந்ததே.

மற்றொன்று தோலுக்கு அடியில் காற்றுப் பைகள். வீட்டுக்குள் வளர்க்கும் அலுமினியச் செடியில் வெள்ளிப் பட்டைகள் இருக்கும். தேய்த்தாலும் போகாது, நனைத்தாலும் மாறாது. மேல்தோலுக்கும் பச்சைத் திசுவுக்கும் நடுவே காற்று புகுந்த இடங்கள் அவை. அப்பளம் பொரிக்கும்போது எழும் கொப்புளம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னதைத் திரட்டிப் பார்த்தால்: வெள்ளி என்பது ஒரு சாயம் அல்ல, ஒளி சிதறுவதால் வரும் தோற்றம். சுரண்டினால் பஞ்சாகத் திரண்டு வந்தால் தூவி, தேய்த்தால் விரலில் ஒட்டி மறைந்தால் மெழுகு, எதற்கும் அசையாவிட்டால் காற்றுப் பை. நாம் இங்கே பேசும் மூலிகைகளும் அழகுச் செடிகளும் பெரும்பாலும் முதல் வகை.

வெயிலுக்குப் போர்த்திய துண்டு

சித்திரை வெயிலில் வயலில் நிற்பவர்கள் தலையில் வெள்ளைத் துண்டு போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு அவர்கள் எல்லாரும் அண்ணன் தம்பி என்று யாரும் சொல்லமாட்டோம். வெயில் ஒன்று, அதற்குச் செய்த ஏற்பாடும் ஒன்று, அவ்வளவுதான். செடிகளும் இப்படித்தான். தூவிப் போர்வை வெயிலில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. இலைச் சூட்டைத் தணிக்கிறது. காற்று நேராகத் தோலில் படாமல் தடுத்து நீர் இழப்பைக் குறைக்கிறது. சின்னப் பூச்சிகள் நடக்கவும் கடிக்கவும் இடைஞ்சலாகிறது. வறண்ட, வெயில் கொளுத்தும், காற்று அடிக்கும் இடங்களில் வாழும் செடிகளுக்கு இது மிகவும் பயன்படுகிறது. அதனால் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத பல குடும்பங்கள் தனித்தனியாக இந்த உடையை உடுத்திக்கொண்டன.

டஸ்டி மில்லரின் சொந்த ஊர் மத்தியதரைக் கடலோரப் பாறைகள். சேஜும் லாவெண்டரும் அதே கடலைச் சுற்றியுள்ள காய்ந்த சரிவுகளிலிருந்து வந்தவை. சாலை நடுவே நாம் பார்க்கும் டெக்சஸ் சேஜ், பெயரில் சொல்வது போல அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தையும் மெக்சிகோவையும் சேர்ந்தது. வெவ்வேறு குடும்பங்கள், வெவ்வேறு கண்டங்கள். ஆனால் வெயில் எங்கும் வெயில்தானே.

இந்தப் போர்வையின் கனமும் நிலையானதல்ல. அமெரிக்கத் தென்மேற்குப் பாலைவனத்தில் என்சிலியா என்ற புதர் இருக்கிறது. மழைக்குப் பின் வரும் அதன் இலைகள் பச்சையாக இருக்கும், வறட்சி ஏற ஏற வரும் இலைகள் வெளுத்துக்கொண்டே போகும். நம் வீட்டுத் தொட்டியிலும் இதைக் காணலாம். டஸ்டி மில்லரை நிழலில் வைத்து நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள், சில வாரங்களில் வரும் புது இலை வெளிர்பச்சையாக இருக்கும். 'செடி மாறிப்போச்சு' என்று கவலைப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். செடி மாறவில்லை, போர்வை மெலிந்திருக்கிறது.

வாசம் வேறு தூவியிலிருந்து வருகிறது

இந்தக் குழப்பத்தின் நடு முடிச்சு இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். தூவிகளில் இரண்டு வேலைக்காரர்கள் உண்டு. ஒன்று மேலே சொன்ன பஞ்சுத் தூவி, வெறும் போர்வை. இன்னொன்று சுரப்பித் தூவி. அதன் நுனியில் ஒரு சின்னக் குடம் போல இருக்கும். அதில் எண்ணெய் சேரும். இலையைக் கசக்கும்போது அந்தக் குடங்கள் உடைகின்றன, வாசம் எழுகிறது. துளசியிலும் கற்பூரவல்லியிலும் வாசம் வருவது இந்தச் சுரப்பித் தூவிகளால்தான். மரிக்கொழுந்திலும் அப்படியே.

ஒரு செடியில் பஞ்சுத் தூவி நிறைய இருந்து, வாசத் தூவி இல்லாமலே போகலாம். டஸ்டி மில்லர் அப்படி. வாசத் தூவி நிறைய இருந்து, பஞ்சே இல்லாமல் பச்சைப் பசேலென்று இருக்கலாம். திருநீற்றுப்பச்சிலை அப்படி. பெயரில் திருநீறு இருக்கிறது, ஆனால் இலையில் சாம்பல் இல்லை. சப்ஜா விதை தருகிற அதே பச்சைச் செடிதான் அது. இரண்டு தூவியும் நிறைந்ததும் உண்டு. பேய்மிரட்டி இலையைத் தடவினால் தடித்த கம்பளி, கசக்கினால் மூக்கைத் துளைக்கும் வாசம். அந்தப் பச்சை இலையையே திரியாகத் திரித்து எண்ணெயில் போட்டு விளக்கேற்றுவார்கள். இலையின் கம்பளி எண்ணெயை உறிஞ்சி ஏற்றிக் கொடுக்கிறது.

ஆக, வெள்ளியாக இருந்தால் மூலிகை என்றும் சொல்ல முடியாது, மூலிகை என்றால் வெள்ளியாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது.

பெயர்கள் செய்யும் கலகம்

'டஸ்டி மில்லர்' என்றால் மாவு படிந்த மில்காரர். மாவு மில்லில் வேலை பார்ப்பவரின் புருவம் வரை வெள்ளை படிந்திருக்குமே, அந்தக் காட்சியிலிருந்து வந்த பெயர். அழகான பெயர்தான். ஆனால் மாவு படிந்தாற்போலத் தெரியும் எந்தச் செடிக்கும் அது பொருந்திவிடுகிறது. குறைந்தது நான்கு வேறு செடிகளை இந்தப் பெயரால் அழைக்கிறார்கள். நம் நர்சரிகளில் பெரும்பாலும் கிடைப்பதற்குத் தாவரவியல் பெயர் ஜாக்கோபியா மாரிடிமா. பழைய பெயர்கள் செனேசியோ சினரேரியா, சினரேரியா மாரிடிமா. சினரேரியா என்ற சொல்லுக்கு மூலம் லத்தீனில் சாம்பல். அதே 'டஸ்டி மில்லர்' என்ற பெயரில் ஓர் ஆர்ட்டிமீசியாவும் உண்டு, மாசிபத்திரியின் இனம். விற்றவர் 'மாசிபத்திரி ஜாதி' என்று சொன்னதன் வேர் ஒருவேளை அங்கே இருக்கலாம்.

நம் பெயர்களும் இதற்குச் சளைத்தவை அல்ல. பூக்கடையில் மரிக்கொழுந்து என்று கட்டாகத் தருவது பெரும்பாலும் ஆர்ட்டிமீசியா பாலென்ஸ். தவனம் என்பதும் அதுவே. சில ஊர்களில் மரு, மருவு என்று கேட்டால் கிடைப்பது வேறு: மார்ஜோரம் என்கிற, துளசிக் குடும்பத்துச் செடி. அதுவும் சாம்பல் பூத்த பச்சை, அதுவும் மணக்கும், அதுவும் மாலைக்குப் போகும். மாசிபத்திரியை மாசிப்பச்சை என்றும் சொல்வார்கள். டெக்சஸ் சேஜுக்கும் சமையல் சேஜுக்கும் பெயரைத் தவிர உறவு கிடையாது. விதை விற்பவர்கள் 'கறிச் செடி' என்று போடும் வெள்ளி இலைச் செடி ஹெலிகிரைசம். கறிவேப்பிலை என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததும் அல்ல. தமிழ் வேதாகமத்தின் கடைசிப் புத்தகத்தில் 'எட்டி' என்ற பெயருள்ள நட்சத்திரம் ஒன்று வானத்திலிருந்து விழும், தண்ணீர் கசப்பாகும். கிரேக்க மூலத்தில் அங்கே இருப்பது அப்சிந்தோஸ், அதாவது ஆர்ட்டிமீசியா இனத்தின் கசப்புச் செடி. நம் ஊரில் கசப்புக்குப் பெயர்போன எட்டியை மொழிபெயர்த்தவர்கள் அந்த இடத்தில் வைத்தார்கள். படிப்பவருக்குக் கசப்பு புரிய வேண்டும் என்பதற்கு அது பொருத்தமான தேர்வுதான். ஆனால் எட்டி ஒரு நச்சு மரம். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு ஒன்றை மற்றொன்றாக நினைப்பது எவ்வளவு எளிது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மருந்து, சமையல் என்று வரும்போது தாவரவியல் பெயரைக் கேளுங்கள். அது இரண்டு சொல். முதல் சொல் பேரினம், அதாவது வீட்டுப்பெயர் மாதிரி; இரண்டாவது அந்த வீட்டில் இருக்கும் ஆளின் பெயர். ஆர்ட்டிமீசியா என்ற வீட்டில் மட்டும் ஏறத்தாழ 500 ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டுப்பெயர் தெரிந்தால் மட்டும் போதாது.

நிறத்தை விடுங்கள், தண்டைத் தொடுங்கள்

ஒரு வெள்ளி இலைச் செடி முன்னால் நின்றால் நான் முதலில் இலையைப் பார்ப்பதில்லை. தண்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டுவேன். உருளாமல் நான்கு மூலை தட்டினால் சதுரத் தண்டு. அடுத்து, இலைகள் தண்டில் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று பார்ப்பேன். ஒரே கணுவில் இரண்டு இலைகள் இரு பக்கமும் கை விரித்தாற்போல இருந்தால் எதிரிலை அமைவு. ஒரு கணுவுக்கு ஒரு இலையாக, படிக்கட்டு மாதிரி மாறி மாறி ஏறினால் மாற்றிலை அமைவு.

சதுரத் தண்டும் எதிரிலையும் சேர்ந்து இருந்தால் பெரும்பாலும் துளசிக் குடும்பம். சேஜ், லாவெண்டர், மார்ஜோரம், பேய்மிரட்டி, ஆட்டுக்குட்டிக் காது போல மெத்தென்ற இலையுடைய 'லேம்ப்ஸ் இயர்' எல்லாம் இங்கே. பூ வந்தால் உதடு பிரிந்த வாய் போல இருக்கும்.

தண்டு சதுரமாக இல்லாமல், மாற்றிலையும், வெட்டு வெட்டான இலையும் இருந்தால் சூரியகாந்திக் குடும்பத்தைச் சந்தேகப்படுங்கள். மாசிபத்திரி, மரிக்கொழுந்து, டஸ்டி மில்லர், பார்த்தீனியம் எல்லாம் இங்கே. இவற்றில் நாம் 'ஒரு பூ' என்று நினைப்பது உண்மையில் பல நுண்பூக்கள் நெருக்கி உட்கார்ந்த ஒரு கூட்டம். சிரமஞ்சரி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள்.

தண்டு, இலை அமைவு, அதன்பின் இலையின் வெட்டு, இலையின் இரு பக்கம், வாசம், பூ. இந்த வரிசையில் பார்த்தால் நிறத்தின் உதவி இல்லாமலே பாதித் தூரம் வந்துவிடலாம்.

டஸ்டி மில்லரும் மாசிபத்திரியும்

இரண்டும் சூரியகாந்திக் குடும்பம், இரண்டும் மாற்றிலை, இரண்டும் வெட்டு இலை. அதனால்தான் இந்த ஜோடி பலரை ஏமாற்றுகிறது. தண்டும் இலை அமைவும் இங்கே கைகொடுக்காது. இலையைத் திருப்ப வேண்டும்.

மாசிபத்திரி நீலகிரி, பழனி மலைகளில் சாலையோரத்திலேயே புதராக நிற்கும். அதன் தாவரவியல் பெயரான ஆர்ட்டிமீசியா நீலகிரிகாவில் நீலகிரியே இருக்கிறது. இலையின் மேல்பக்கம் பச்சை, சாமந்தி இலையை நினைவூட்டும். திருப்பினால் அடிப்பக்கம் சாம்பல் வெள்ளை. காற்றடிக்கும்போது புதர் முழுவதும் பச்சையும் வெள்ளையுமாக மினுங்குவது இதனால்தான். டஸ்டி மில்லரில் மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை. தண்டும் வெள்ளை. மேல்பக்கம் முற்ற முற்றச் சற்றுச் சாம்பலாகலாம், ஆனால் சாமந்திப் பச்சை ஒருநாளும் வராது.

வெட்டுகளின் நுனியைப் பாருங்கள். மாசிபத்திரியில் நுனிகள் கூர்மையாக முடியும். டஸ்டி மில்லரில் விரல் நுனி போல மழுங்கியிருக்கும். இலையின் தடிமனும் வேறு. ஒன்று மெல்லிய இலை, மற்றது கம்பளித் துணி.

பிறகு கசக்குங்கள். மாசிபத்திரி ஒரு கற்பூரக் கசப்பு வாசத்தை உடனே தரும், விரலில் நெடுநேரம் நிற்கும். டஸ்டி மில்லர் வெறும் தழை வாடைதான். கசக்கிய விரலைக் கண்ணிலோ வாயிலோ வைக்காமல் கழுவிவிடுங்கள்.

பூ வந்துவிட்டால் சந்தேகமே இல்லை. டஸ்டி மில்லர் சின்னச் சூரியகாந்தி போல இதழ் விரித்து மஞ்சளாகப் பூக்கும். மாசிபத்திரியின் பூக்கள் இதழ் விரிக்காத சின்னச் சின்ன மொக்குகளாகக் கிளை நிறையத் தொங்கும். பூ என்றே பலருக்குத் தெரியாது. மகரந்தத்தைக் காற்றே சுமந்து செல்வதால் பூச்சியை அழைக்க அதற்கு இதழ் தேவைப்படவில்லை. ஆனால் டஸ்டி மில்லர் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான் பூக்கும். நம் சமவெளியில் அது கோடையைத் தாண்டுவதே அபூர்வம் என்பதால் பூவுக்காகக் காத்திருப்பதில் பயனில்லை.

மரிக்கொழுந்தும் பார்த்தீனியமும்

இந்த ஜோடியைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் இளம் பார்த்தீனியச் செடியைப் 'பூச்செடி நாற்று' என்று தொட்டியில் பாதுகாத்தவர்கள் உண்டு. நுணுக்கமாக வெட்டுண்ட, மென்மயிர் படர்ந்த, வெளிறிய இலை. 1950களில் புனேயில் கவனிக்கப்பட்டு, பிறகு நாடு முழுதும் பரவிய களை இது. தொடுவதால் தோலில் அரிப்பும் தடிப்பும், மகரந்தத்தால் மூச்சுத் தொல்லையும் பலருக்கு வருகிறது.

இளம் பார்த்தீனியம் தரையோடு தரையாக வட்டமாக இலை விரிக்கும். இலை உள்ளங்கை அளவு பெரிதாகும். மரிக்கொழுந்து ஆரம்பத்திலிருந்தே நிமிர்ந்து, முழங்கால் உயரத்துக்குள் நிற்கும் மெல்லிய செடி. இலை விரல்கணு அளவே இருக்கும், சாம்பல் படர்ந்திருக்கும். கார்த்திகை வாக்கில் விதைத்து மாசியில் அறுக்கும் பனிக்காலப் பயிர் அது. தூக்கிப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை, பக்கத்தில் போனாலே பழம் கனிந்தாற்போன்ற இனிப்பு வாசம். பூக்கும்போது மரிக்கொழுந்து மஞ்சள், பார்த்தீனியம் வெள்ளை. சந்தேகம் இருந்தால் கசக்கிப் பார்க்கும் சோதனையை இந்த ஜோடிக்கு மட்டும் செய்ய வேண்டாம்.

சேஜ் என்ற பெயரில்

சமையல் சேஜின் இலை நீள்வட்டம், ஓரத்தில் வெட்டு கிடையாது, மேல்பரப்பு கூழாங்கல் பரப்பியது போலப் பொடிப்பொடியாக மேடு தட்டியிருக்கும். தண்டு சதுரம். டெக்சஸ் சேஜ் உருண்டைத் தண்டுள்ள கட்டைப் புதர். இலை கட்டைவிரல் நகம் அளவு. காற்றில் ஈரம் ஏறினால் அல்லது மழை பெய்தால் புதர் முழுவதும் ஊதாப் பூவாகிவிடும். அழகுக்கு வையுங்கள், சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மாறிப்போனால் என்ன ஆகும்?

டஸ்டி மில்லரில் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற வகை நச்சு இருக்கிறது. ஆல்கலாய்டு என்பது செடிகள் உண்டாக்கும், நைட்ரஜன் கொண்ட கசப்பான வேதிப்பொருள்களின் பொதுப் பெயர். காப்பியில் உள்ள காஃபீனும் அந்தக் கூட்டம்தான். பைரோலிசிடின் வகை வயிற்றில் இறங்கியவுடன் ஒன்றும் செய்யாதது போல இருக்கும். கல்லீரல் அதைச் சிதைக்கும்போதுதான் தீங்கான பொருளாக மாறி, கல்லீரலின் நுண் இரத்தக் குழாய்களை அடைக்கிறது. சிறிது சிறிதாகத் தொடர்ந்து சாப்பிட்டால் சேதம் சேர்ந்துகொண்டே போகும். 1970களின் நடுவில் அன்றைய மத்தியப் பிரதேசத்தின் சர்குஜா பகுதியில் இதே வகை நச்சுள்ள கிலுகிலுப்பை விதை தானியத்தில் கலந்து, பலர் கல்லீரல் நோயால் இறந்தார்கள். கஷாயம் என்றால் 'இலைதானே, கேடு வராது' என்ற நினைப்பு இந்த இடத்தில் உதவாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'சினரேரியா மாரிடிமா' என்ற பெயரில் ஹோமியோபதிக் கண் சொட்டு மருந்து நம் ஊரில் நெடுங்காலமாக விற்கிறது. அது நம் டஸ்டி மில்லரின் பழைய பெயரேதான். இதைத் தெரிந்துகொண்ட சிலர், வீட்டுச் செடியின் சாற்றைப் பிழிந்து கண்ணில் விடலாமா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். கூடவே கூடாது. கிருமி நீக்காத சாறு கண்ணைப் பாழாக்கிவிடும். கண்புரையைச் சொட்டு மருந்து கரைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அதற்குத் தீர்வு அறுவை சிகிச்சை. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள், அவர்களுக்குத்தான் இந்த யோசனை அதிகம் வருகிறது.

ஒரே வீட்டுப்பெயர் என்பதாலும் ஏமாறக் கூடாது. சீன விஞ்ஞானி து யூயூ குழுவினர் 1972இல் மலேரியாவுக்கான ஆர்ட்டிமீசினினைப் பிரித்தெடுத்தது ஆர்ட்டிமீசியா அன்னுவா என்ற செடியிலிருந்து. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் செடி வெள்ளியே அல்ல, நல்ல பச்சை. 'ஆர்ட்டிமீசியா என்றால் மலேரியா மருந்து' என்று பார்த்துவிட்டு மாசிபத்திரியையோ மரிக்கொழுந்தையோ காய்ச்சிக் குடிப்பதால் மலேரியா போகாது. உண்மையான மாசிபத்திரியானாலும், கர்ப்பமாக இருப்பவர்கள் சித்த மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளக் கூடாது.

அன்றைக்கு அக்கா கிண்ணத்தோடு வெறுங்கையாகத்தான் திரும்பினார். எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த பிரதோஷத்துக்குப் பூ வாங்கப் போனவர் மாசிப்பச்சைக் கொத்து ஒன்றை வாங்கிவந்து, நேராக மாடிக்கு ஏறிவந்தார். இரண்டையும் தொட்டி விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். நான் விளக்கத் தொடங்குவதற்குள் அவரே ஒரு இலையைத் திருப்பினார். பிறகு மற்றதைத் திருப்பினார். விரலை மோந்தார். கூட வந்திருந்த மகளைக் கூப்பிட்டு, "இங்க பாரு, நம்மளுது கீழ மட்டும்தான் வெள்ளை" என்றார்.